வாசமில்லாத பிளாஸ்திரி

பொங்சொன் இருபத்தேழு வருஷமாக அந்தக் கொரிய மலையடிவாரக் கிராமத்தின் சுகாதார நிலையத்துக்குத் தலைவி. ஊர் அவளை 'சோஜாங்நிம்', அதாவது தலைவியம்மா, என்று மரியாதையாகத்தான் கூப்பிடும். தலைவிக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரே நர்ஸும் பொங்சொன்தான். தரை துடைப்பவளும் அவள்தான். ஆகவே தலைவிக்குக் கோபம் வந்தால் திட்டுவதற்குக் கைவசம் ஓர் ஆள்தான் உண்டு. பாவம், அந்த ஆளும் பல வருஷத் திட்டு வாங்கித் தோல் தடித்துப் போயிருந்தாள்.

அன்று அவள் ஊர்க்கூடத்துக்குப் போனது ரத்த அழுத்தம் பார்க்க. இரண்டு நாளாக ஊரே கூடி முந்நூறு கோஸை உப்பில் ஊறவைத்துக் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட்டு முடித்திருந்தது. கிம்ச்சி போட்டு முடித்த பெண்கள் அடுத்துச் செய்வது ஒன்றே ஒன்று: ஊர்க்கூடத்தின் சூடேற்றிய தரையில் மல்லாந்து படுத்து முதுகைச் சுட்டுக்கொள்வது. தரை எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு நல்லது. வீட்டில் சூடேற்றினால் எண்ணெய்ச் செலவு. கூடத்தில் அரசாங்கச் செலவு. எனவே இரவும் பலர் அங்கேயே தூங்கிவிடுவார்கள்.

வாசலில் ரப்பர் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பன்றிக்கறி வெந்த மணம்.

"வாங்க சோஜாங்நிம்! முதல்ல சாப்பிடுங்க. பிரஷரை அப்புறம் பாருங்க. அப்பத்தான் ஏறியிருந்தா சொல்றதுக்கு ஒரு காரணமாவது இருக்கும்" என்றாள் நாம்வொன்காரி. அந்த ஊரில் பெண்களைப் பிறந்த ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருக்கும். நாம்வொன்காரிக்கு ஊரிலேயே பெரிய குரல், அதைவிடப் பெரிய கை. யார் வீட்டில் என்ன குறைந்தாலும் தன் வீட்டிலிருந்து தூக்கிக் கொடுத்துவிடுவாள்.

பொங்சொன் ஒரு துண்டுக் கறியைப் புதுக் கிம்ச்சியில் சுற்றி வாயில் போட்டுக்கொண்டாள். "கூரேக்காரி எங்க? அவங்களுக்குத்தான் முதல்ல பார்க்கணும்."

"அந்தா, மகாராணி தூங்கறா. நேத்து சாயங்காலம் படுத்தவ. எழுப்பினா 'ம்'ங்கறா, மறுபடி தூங்கறா."

"முந்நூறு கோஸுக்கும் ஒத்தை ஆளா உப்புப் போட்டிருக்காளே, தூங்கட்டும் விடுங்க" என்றாள் இன்னொருத்தி. "குறட்டையைக் கேளுங்க. முப்பத்தொன்பது கிலோ உடம்புக்குள்ள ஒரு டிராக்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். பொங்சொனும் சிரித்தாள். இதை அவள் பிற்பாடு மறக்கவே இல்லை; வாய் நிறையக் கறியோடு சிரித்தாள்.

பிறகுதான் அவள் காதில் குறட்டை அல்ல, குறட்டைக்கும் குறட்டைக்கும் நடுவே இருந்த இடைவெளி விழுந்தது. ஒரு குறட்டை. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறமும் ஒன்றுமில்லை. சிரிப்பு அடங்கி, யாரோ கிண்ணத்தைக் கீழே வைத்து, இன்னொருத்தி மூக்கைச் சிந்தி முடித்த பிறகு, ஒரு குறட்டை.

மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்கு ஐந்து மூச்சு.

கூரேக்காரியின் உதடு நாவல்பழம் தின்றவள் உதடு மாதிரி இருந்தது. இமையைத் தூக்கினால் கண்மணி ஊசிமுனை அளவு.

"என்ன குடுத்தீங்க?"

"சோறுகூடச் சாப்பிடல."

"என்ன குடுத்தீங்கன்னு கேக்கறேன்!"

சோஜாங்நிம் கத்தி யாரும் கேட்டதில்லை. நாம்வொன்காரியின் குரல் முதல் தடவையாகச் சின்னதாக வந்தது. "வாயில எதுவும் குடுக்கல சோஜாங்நிம். முதுகுல பிளாஸ்திரி மட்டும்தான்."

பொங்சொன் கூரேக்காரியின் சட்டையைத் தூக்கினாள். இடுப்புக்கு இரண்டு பக்கமும், வீட்டில் ஜோடியாகப் படம் மாட்டுவது போல நேராக, கண்ணாடி நிறத்தில் இரண்டு சதுரங்கள். பொங்சொனுக்கு அவற்றைத் தெரியும். ஃபெண்டனில். மார்ஃபினைவிட நூறு மடங்கு வீரியம். நாம்வொன்காரியின் வீட்டுக்காரர் பியோவுக்கு எலும்பில் பரவிய புற்றுநோய்க்காக சியோல் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது.

இரண்டையும் உரித்து, பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, தன் சட்டைப் பையில் போட்டாள். "தரையை விட்டுத் தூக்குங்க! வாசலுக்கு, குளிருக்கு! அக்கா, நீங்க ஒண்ணு ஒண்ணு ஒம்போதுக்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் கேளுங்க, மூச்சு நிக்குதுன்னு சொல்லுங்க."

இடுப்பு பிடித்துக்கொண்ட ஆறு பெண்கள் ஒரு மெத்தையின் நான்கு மூலையையும் பிடித்து, "ஐயோ என் முதுகு, ஐயோ என் முட்டி" என்று ஆளுக்கொரு ராகத்தில் முனகியபடி கூரேக்காரியை வாசல்வரை இழுத்தார்கள். பொங்சொன் காரின் பின்பெட்டியிலிருந்து ஆக்சிஜன் உருளையையும் காற்று அமுக்கும் பையையும் எடுத்து வருவதற்குள் ஒருத்தி சோஜு பாட்டிலோடு கூரேக்காரியின் முதுகருகே குந்தியிருந்தாள்.

"பசை ஒட்டியிருக்கு. சாராயம் ஊத்தித் துடைச்சா சுத்தமாப் போயிடும்."

"போயிடும்! உள்ளே போயிடும்! எடுங்க அதை! பச்சைத் தண்ணி. சோப்பு வேண்டாம், வெந்நீர் வேண்டாம். பச்சைத் தண்ணித் துணி!"

முகமூடியை அழுத்திப் பிடித்துப் பையை அமுக்கினாள். நலொக்சோன் என்று ஒரு மருந்து உண்டு. அதை ஏற்றினால் இரண்டு நிமிஷத்தில் எழுந்து உட்காருவாள். அது அவள் அலமாரியில் இல்லை. சளிக்கும் சேற்றுப்புண்ணுக்கும் மருந்து வைத்திருக்கும் நிலையத்தில் அது வேண்டியிருக்கும் என்று மேலே இருப்பவர்கள் யாரும் நினைக்கவில்லை. கீழே இருப்பவளும் நினைக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள், பையை அமுக்கிக்கொண்டே, திரும்பாமல். "இது எப்படி இவங்க முதுகுக்கு வந்துச்சு?"

நாம்வொன்காரி சொன்னாள். வீட்டுக்காரர் ஒன்று ஒட்டி ஒரு நாள் முழுக்கப் பார்த்தாராம். எரியவில்லை. குளுகுளுவென்று இல்லை. மூக்கில் வைத்தால் ஒரு வாசம்கூட இல்லை. வலியும் போகவில்லை. சரக்கில்லாத பிளாஸ்திரி என்று பிய்த்துப் போட்டுவிட்டார். பாக்கி பெட்டியிலேயே கிடந்தது. நேற்று கூரேக்காரி நிமிரவே முடியாமல் நின்றாள். "சியோல் மருந்து, வீணாப் போகுதேன்னு எடுத்துட்டு வந்தேன். வீரியம் இல்லாததுதானேன்னு ரெண்டா ஒட்டினேன். சூட்டுல படுத்தா நல்லாப் பிடிக்கும்னு நான்தான் அடுப்புப் பக்கமா இடம் மாத்திப் படுக்க வெச்சேன்."

ஒவ்வொரு படியும் நியாயமான யோசனைதான். அந்த ஊரில் முட்டிவலி பிளாஸ்திரி ஒட்டாத முட்டி கிடையாது. எரிந்தால் வேலை செய்கிறது, எரியாவிட்டால் இல்லை. நாம்வொன்காரி மேலே மேலே சரியாகத்தான் ஏறியிருக்கிறாள். முதல் படிதான் இல்லை. அந்தப் படியைப் போட்டிருக்க வேண்டியவள் யார் என்று பொங்சொனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், சளிக்காய்ச்சல் ஊசிக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்ற காலை. பெட்டியை நீட்டி "இது என்ன சோஜாங்நிம்?" என்று நாம்வொன்காரி கேட்டபோது, ஒரு கையில் ஊசியோடு அவள் சொன்னது: "பிளாஸ்திரி மாதிரிதான் அக்கா. மூணு நாளைக்கு ஒண்ணு ஒட்டுங்க."

பிளாஸ்திரி மாதிரிதான்! அடி அறிவுகெட்டவளே!

"கூப்பிடுங்க அவங்களை" என்று பெண்களைப் பார்த்துக் கத்தினாள். "மூச்சு விடச் சொல்லுங்க. இந்த மருந்துல மூச்சு விடணும்கிறதே மூளைக்கு மறந்து போகும். சொன்னா விடுவாங்க."

"கூரேக்காரி, மூச்சு விடுடி!"

"உன் மகன் இஞ்சொன்ல இருந்து வந்திருக்கான்டி!"

மகனுக்கு அசையவில்லை. அப்போது ஒருத்தி, என்ன தோன்றியதோ, அவள் காதருகே குனிந்து, "உன் கோஸ்ல உப்பு பத்தலைன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

கூரேக்காரி கண்ணைத் திறந்தாள். முகமூடிக்குள் ஏதோ சொன்னாள். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை. ஆனால் அதைச் சொல்ல ஒரு முழு மூச்சு இழுத்தாள்.

"விடாதீங்க, சொல்லிட்டே இருங்க!" என்றாள் பொங்சொன். ஆம்புலன்ஸ் வந்து சேர ஆன முப்பத்தெட்டு நிமிஷமும் அந்த வாசலில் கூரேக்காரியின் உப்பு, மிளகாய்ப்பொடி, பூண்டு எல்லாம் சந்தி சிரித்தன.

வட்டார ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்தவன் சொக் என்ற இளம் டாக்டர். ராணுவத்துக்குப் பதிலாக மூன்று வருஷம் கிராமப்புறத்தில் கழிக்க அனுப்பப்பட்டவன். முகத்தில் தூக்கமில்லாத இரண்டு நாள் தெரிந்தது. கெட்டிக்காரன்தான். பொங்சொன் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில் நலொக்சோனை நரம்பில் ஏற்றினான். இரண்டே நிமிஷம். கூரேக்காரி எழுந்து உட்கார்ந்தாள், சுற்றிப் பார்த்தாள், "என் கோஸுக்கு உப்பு பத்தலைன்னு சொன்னது எவ?" என்றாள்.

பொங்சொன் அப்போதுதான் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாற்பது நிமிஷம் கழித்து சொக் வந்தான். கருவியின் திரையைப் பார்த்தான். "ஆக்சிஜன் தொண்ணூத்தேழு. நல்லாப் பேசறாங்க. கூட்டிட்டுப் போகலாம்."

"எங்கே?"

"வீட்டுக்கு."

"டாக்டர், நீங்க போட்ட மருந்து ஒரு மணி நேரத்துல உடம்பை விட்டுக் கிளம்பிடும்."

"அதான் பிளாஸ்திரியை நீங்களே எடுத்துட்டீங்களே?"

பொங்சொன் எழுந்தாள். "டாக்டர், நீங்க கிம்ச்சி போட்டிருக்கீங்களா?"

"எங்கம்மா கடையில வாங்குவாங்க."

"சரி. கோஸை ராத்திரி பூரா உப்புத் தண்ணியில ஊறவெச்சு, காலையில எடுத்து வெளியே போட்டா, இலைக்குள்ள போன உப்பு எழுந்து போயிடுமா? அந்தப் பிளாஸ்திரி மருந்தை நேரா ரத்தத்துக்கு அனுப்பலை. முதல்ல தோலை நிரப்பும். அதுக்கே அரை நாள், ஒரு நாள் ஆகும். அதுக்கப்புறம் தோல்ல இருந்துதான் ரத்தத்துக்கு. இவங்களுக்கு ரெண்டு ஒட்டி, பதினெட்டு மணி நேரம் சூட்டுல வாட்டியிருக்கு. இப்ப இவங்க முதுகே ஒரு பிளாஸ்திரி. மேலே இருந்த காகிதத்தைத்தான் நான் எடுத்தேன்."

"தெரியும். படிச்சிருக்கேன்."

"படிச்சதை எங்க வெச்சிருக்கீங்க? பாதியா குறையவே பதினேழு மணி நேரம். உங்க மருந்து என்ன பண்ணுச்சு? உட்கார்ந்திருந்தவனைத் தள்ளிட்டு அந்த நாற்காலியில உட்கார்ந்துச்சு. தள்ளப்பட்டவன் வீட்டுக்குப் போகலை. பக்கத்துலயே நிக்கறான். இவன் எழுந்ததும் அவன் உட்காருவான்."

சொக்கின் காது சிவந்தது. "நீங்க டாக்டரா?"

"இல்ல."

"எனக்கு நாலு படுக்கைதான் இருக்கு. வெளியே மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க."

"அப்படின்னா என்னைக் காவல்காரங்களைக் கூப்பிட்டு வெளியே தள்ளுங்க."

ஆனால் அவளுக்கு முதுகில் குத்து விழுந்தது வேறு பக்கத்திலிருந்து. "போகலாம் சோஜாங்நிம்" என்றாள் கூரேக்காரி. "படிச்ச பிள்ளை சொல்லுது. எதுக்கு இப்படிச் சண்டை போட்டு மானத்தை வாங்கறீங்க? எனக்கு இஞ்சொனுக்கு, மகனுக்குக் கிம்ச்சி ஜாடி அனுப்பணும். என் செருப்பைக் குடுங்க."

செருப்பு பொங்சொனிடம்தான் இருந்தது. ஊர்க்கூட வாசலில் குவியலிலிருந்து பொறுக்கிப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். இப்போது அந்தப் பையை நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஐம்பத்து நாலு வயது, அரசாங்க உத்தியோகம், இரண்டு நற்சான்றிதழ். அடுத்தவள் செருப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். இதைவிட உயரமான பதவி இனி வாய்க்காது.

"எந்திரிங்க."

"மாட்டேன்."

"செருப்பைக் குடுங்கன்னா! நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்? வெறுங்காலோட போவேன். என் காலு, நான் நடப்பேன். கல்யாணம் ஆகி வந்த அன்னிக்கே மலையைத் தாண்டி வெறுங்காலோடதான் வந்தேன், பனி வேற, அப்ப உங்க ஆஸ்பத்திரி எங்க இருந்துச்சு, நர்ஸு எங்க இருந்தா, நானே..."

'நானே'வுக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

பொங்சொன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தாள். ஏறியது. இறங்கியது. எண்ணிக்கொண்டே இருந்தாள். தலை தலையணைக்குச் சரிந்தது. நிமிஷத்துக்கு ஒன்பது. கண்மணி மறுபடி சுருங்க ஆரம்பித்திருந்தது. ஏழு. திரையில் தொண்ணூறு, எண்பத்தாறு. கருவி கத்தியது. தான் சொன்னது பலித்தால் மனுஷனுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வரும் என்பார்கள். அவளுக்கு வரவில்லை.

"டாக்டர்!"

சொக் ஓடி வந்தான். ஊசி ஏற்றினான். பிறகு தானே சொட்டுமருந்துப் பையைத் தொங்கவிட்டு, நலொக்சோனை அதில் கலந்து, விடாமல் இறங்கும்படி வேகத்தைக் கணக்குப் போட்டான். போட்ட கணக்கையே இன்னொரு தடவை போட்டான். பொங்சொன் அதைப் பார்த்தாள். பார்க்காதது போலக் குழாயை நேராக்கினாள்.

"எவ்வளவு நேரம் ஓடணும்?" என்றான் மெதுவாக.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாருங்க. குறைச்சுப் பார்த்தா அவங்க மூச்சே சொல்லும்."

"வீட்டுக்கு அனுப்பியிருந்தா..."

"கார்ல போகும்போதே. தூங்கறாங்கன்னு நினைச்சிருப்போம்." அவள் குரலில் இரக்கம் இல்லை. அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

வெளியே நடையில் நாம்வொன்காரி உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸில் டிரைவர் பக்கத்தில் ஏறி வந்தவள், உள்ளே வரத் துணியவில்லை. மடியில் அந்த மருந்துப் பெட்டி. அதற்குள்ளிருந்த சீட்டை விரித்து வைத்திருந்தாள். எட்டாக மடித்து, எறும்புக்கு வாசிக்கக் கொடுக்கிற எழுத்தில் அச்சடித்தது.

வழியெல்லாம் பொங்சொன் இவளுக்கென்று திட்டு சேர்த்து வைத்திருந்தாள். ஆம்புலன்ஸில் பையை அமுக்கிய ஒவ்வொரு அமுக்குக்கும் ஒன்று. வாயைத் திறந்தாள்.

"ஒரு நாள் ஆகும்னு இருக்கு" என்றாள் நாம்வொன்காரி, சீட்டைக் காட்டி. "ஒட்டினா வலி குறைய ஒரு நாள் ஆகும்னு. நான் சரியாத்தான் படிச்சேனா சோஜாங்நிம்?"

"சரிதான்."

"அவர் காலையில ஒட்டினார். மறுநாள் காலையில பிய்ச்சார்." அந்த வரியை விரலால் மறுபடி தடவினாள். "அப்ப அது வேலை செஞ்சிருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா. மூணு வாரமா பல்லைக் கடிச்சிட்டு சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கார். சியோல் மருந்துக்கே கேக்கல, இனி எதுவும் கேக்காதுன்னு எங்கிட்ட முனகக்கூட இல்ல."

போன வாரம் பொங்சொன் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தாமலே, கண்ணாடியை இறக்கி, "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தாள். "பரவால்ல" என்றார். பரவாயில்லை என்று அவளும் போய்விட்டாள்.

சேர்த்து வைத்த திட்டு முழுவதும் அப்படியே இருந்தது. அதற்கு இப்போது ஒரே ஒரு முகவரிதான் இருந்தது, அது நடையில் உட்கார்ந்திருப்பவள் முகவரி அல்ல.

"உள்ளே வாங்க அக்கா."

கூரேக்காரி முழித்திருந்தாள். சொட்டு ஓடியது. நாம்வொன்காரி கட்டிலருகே போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கூரேக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, பொங்சொனுக்குக் கேட்காத குரல் என்று தான் நினைத்துக்கொண்ட குரலில், "அடியே, அந்தப் பிளாஸ்திரி இன்னும் ரெண்டு இருக்குமா? நேத்து ராத்திரி மாதிரி என் இடுப்பு நாப்பது வருஷத்துல வலிக்காம இருந்ததில்ல" என்றாள்.

பொங்சொன் வெடித்தாள்.

அவசரப் பிரிவின் நாலு படுக்கையும் திரும்பிப் பார்க்க, வெளியே காத்திருந்த மூன்று பேரும் கதவில் தலை நீட்ட, அவள் கத்தினாள். அது பிளாஸ்திரி இல்லை என்று கத்தினாள். அது எரியாது, மணக்காது. எரியாமலும் மணக்காமலும் இருப்பதுதான் அதன் விஷமம். தோலில் எப்படி நிறைகிறது, கொழுப்பில் எப்படிப் பதுங்குகிறது, அங்கிருந்து ரத்தத்தில் ஏறி மூளையில் வலி தெரியும் இடத்துக்கு எப்படிப் போகிறது என்றெல்லாம் சொன்னாள்; மூச்சை ஏவும் இடம் அதற்குப் பக்கத்து வீடு, அங்கேயும் புகுந்துவிடும். வாரக்கணக்கில் மாத்திரை தின்று பழகிய பியோவின் உடம்பு அதைத் தாங்கும். கூரேக்காரியின் முப்பத்தொன்பது கிலோ தாங்காது. சூடு பட்டால் மூன்று நாள் சரக்கு முந்தி வரும். ஆகையால் பியோவும் அதை ஒட்டிக்கொண்டு சுடும் தரையில் படுக்கக் கூடாது, மின்சார மெத்தையில் படுக்கக் கூடாது, வெந்நீர்த் தொட்டியில் ஊறக் கூடாது. நெஞ்சிலோ கையிலோ ஒட்ட வேண்டும், வலிக்கிற இடத்தில் ஒட்ட வேண்டியதில்லை. ஒட்டினதும் முதல் நாள் வலிக்கத்தான் வலிக்கும். அந்த ஒரு நாளைக்கு என்ன மாத்திரை என்று எழுதி வாங்கியே தீர வேண்டும், எழுதித் தராவிட்டால் சியோலுக்கே போய் வாசலில் உட்காருவேன் என்று கத்தினாள். பழையதை உரித்தால் மடித்து அவளிடமே கொண்டுவந்து தர வேண்டும், குப்பையிலும் போடக் கூடாது, அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கக் கூடாது, உயிரே போகிறது என்று கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாது.

நாம்வொன்காரி கையில் வேறு காகிதம் இல்லாமல், அந்த எறும்பெழுத்துச் சீட்டின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் "மெதுவா சொல்லுங்க" என்றாள். சொக் வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டான். ஒரு தடவை தலையாட்டினான். கூரேக்காரி, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பதே மறந்து, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு பதினாலு.

சொல்லி முடித்துத் தண்ணீர் குடித்தபோது பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. இருபத்தேழு வருஷ வேலையில் பொங்சொன் ஒரே மருந்தைப் பற்றி ஒரே மனுஷியிடம் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.